எரிமலைத் தீவில் சரளைப் பாதை

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் ஐஸ்லாந்துப் படங்களைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து முதலாண்டு மாணவி ஒருவர், "அண்ணா, அந்த ஊரில் ரோடு போடவே மாட்டார்களா?" என்று கேட்டார். சபை சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். ஆனால் அறைக்குத் திரும்பிய பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை சொல்வதென்றால் பாறை, காற்று, பனி, சக்கரம் எல்லாவற்றையும் பற்றிப் பேச வேண்டும். நான் கூட்டத்தில் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இதழாசிரியரும் கட்டுரை கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது தருமபுரிப் பக்கத்துக் கிராமம். அங்கே வீட்டு வாசற்படியாகவும் அம்மிக்கல்லாகவும் கிடக்கும் கருங்கல்லுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நிலவியல் படிக்கப் புனேக்கு வந்தேன். இங்கே விடுதிக்குப் பின்னால் நிற்கும் குன்றின் கறுப்புக் கல்லுக்கு வயது ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம். இது எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டுக் கல். தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதி இத்தகைய குழம்பு, அடுக்கின்மேல் அடுக்காகப் பாய்ந்து உறைந்ததனால் ஆனதே. 2024 கோடையில் பத்து வாரம் ஐஸ்லாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பழகும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே நான் சைக்கிள் ஓட்டிய குழம்புவெளி ஒன்றுக்கு வயது ஏறத்தாழ 8000 ஆண்டு. 250 கோடி, 6 கோடி, 8000! பாட்டியையும் தாயையும் பார்த்தவன் தொட்டிற் குழந்தையையும் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு.

குழந்தை என்று சொன்னது அணி நயத்துக்காக அன்று. அட்லாண்டிக் கடலின் அடியில் வடக்குத் தெற்காக ஒரு நீண்ட மலைத்தொடர் ஓடுகிறது. அதன் இருபுறத்து நிலத்தட்டுகளும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கின்றன. விலகிய இடைவெளியை உள்ளிருந்து எழும் குழம்பு நிரப்புகிறது. இத்தொடர் கடலுக்கு மேலே பெரும் பரப்பாகத் தலைதூக்கி நிற்கும் இடமே ஐஸ்லாந்து. பரப்பு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. மக்கள் நான்கு இலட்சத்துக்கும் குறைவு. நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பனிப்பாறையால் மூடப்பட்டிருக்கிறது. தீ இன்னும் அடங்கவில்லை. 2021 முதல் ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் பல முறை நிலம் பிளந்து குழம்பு வழிந்திருக்கிறது. 2023 நவம்பரில் கிரிண்டாவிக் என்னும் மீன்பிடி ஊர் முழுவதையும் ஒரே இரவில் காலி செய்தார்கள்.

இனி ரோடு. கரையோரமாகத் தீவைச் சுற்றிவரும் பெருஞ்சாலை 1974-இல்தான் முழு வட்டமாயிற்று. தெற்கே பனியாற்று வெள்ளங்கள் அலைந்து திரியும் மணல்வெளியில் பாலம் கட்ட அவ்வளவு காலம் பிடித்தது. அந்தச் சாலைக்கு இன்று தார் உண்டு. உள்நாட்டுக்கோ கிடையாது. அங்கே ஊர் இல்லை, வயல் இல்லை. ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் பனி. ஜூன் பிற்பகுதியில் பனி உருகி, நிலம் சற்று இறுகிய பின்னரே பாதையைத் திறந்து விடுவார்கள்; செப்டம்பரில் மறுபடி குளிர் வந்துவிடும். இரண்டு மூன்று மாதப் போக்குவரத்துக்குத் தார் எதற்கு? காய்ந்த குழம்புக் கல்லையும் ஆற்றுச் சரளையையும் ஒதுக்கி வழி செய்துவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு அதைச் சீவிச் சமன் செய்கிறார்கள். அதுவே சைக்கிள்காரனுக்குச் சொர்க்கமும் நரகமும்.

இத்தகைய பாதைகளில் ஒன்று க்யோலூர் என்பது. அந்த நாட்டு மொழியில் கப்பலின் அடிக்கட்டை என்று பொருள். தெற்கே குல்ஃபோஸ் அருவியில் தொடங்கி, லாங்யோகுல், ஹோஃப்ஸ்யோகுல் என்னும் இரண்டு பெரும் பனிப்பாறைகளுக்கு இடையே புகுந்து, வடக்கே பிளண்டா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. நீளம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பெரிய ஆறுகளுக்குப் பாலம் உண்டு. ஆகவே உள்நாட்டுப் பாதைகளில் எளியது இதுதான் என்று சொல்கிறார்கள். எளியது என்ற சொல்லை நம்பித்தான் நானும் புறப்பட்டேன்.

உடன் வந்தவர் நாசிக்கைச் சேர்ந்த என் வகுப்புத் தோழர். அமைதியானவர், ஒரு கல்லைக் கையில் எடுத்தால் பத்து நிமிடம் பேசமாட்டார். வாடகைச் சைக்கிள் இரண்டு, 45 மில்லிமீட்டர் அகல டயர். சுமையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கூடாரமும் அடுப்பும் அவருடைய பையில். பம்பு, மாற்று டியூப், ஒட்டுச் சாமான், திருப்புளி எல்லாம் என் பையில். எடை சரியாக வந்தது என்று எங்களுக்கு மெத்தப் பெருமை.

அருவியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் தார் நின்றுவிட்டது. முதல் ஏற்றம் ப்ளாஃபெல் என்னும் மலையின் தோள். ப்ளாஃபெல் என்றால் நீலமலை. தொலைவில் நின்று பார்த்தால் மலை நீலமாகத் தெரிகிறது. அதனால் நாம் நீலகிரி என்றோம், அவர்களும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். இறக்கத்தில் குறுக்கிடும் ஆற்றின் பெயர் ஹ்வீத்தா. அதற்கு வெள்ளாறு என்றே பொருள்! பனிப்பாறை தன் அடியிலுள்ள கல்லை மாவாக அரைத்து நீரில் கலந்துவிடுகிறது. அதனால் ஆறு பால் கலந்தாற்போல் ஓடுகிறது. ஊற்றிலிருந்து வரும் ஓடைகளோ கண்ணாடிபோல் தெளிந்தவை. இந்த நிற வேற்றுமையைக் கண்டுகொள்வது பயணிக்கு மிகவும் பயன்படும். வெள்ளை நீர் பனிநீர். அது வெயில் ஏற ஏறப் பெருகும், விடியலில் வடியும். பாலமில்லாத பாதைகளில் வெள்ளாறுகளைக் காலையில் கடக்க வேண்டும் என்பது அங்கே சிறுவர்க்கும் தெரிந்த பாடம்.

மலைகளின் வடிவம் நிலவியல் மாணவனை நிற்க வைத்துவிடும். ஹ்ரூட்ஃபெல் என்று ஒரு மலை. பக்கங்கள் செங்குத்து, தலை தட்டை, மேலே பனித் தொப்பி. பனியுகத்தில் தடித்த பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்தால், எழும் குழம்பு பரந்து ஓட இடமின்றி உருகிய நீருக்குள்ளேயே நொறுங்கிக் குவிகிறது. பனியைத் துளைத்து மேலே வந்த பின்னரே உச்சியில் குழம்பு தட்டையாகப் பரவும். பின்னாளில் பனி உருகிப்போகும். குவியல் மேசைபோல் நிற்கும். அன்றைய பனி எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அந்த மேசையே அளவுகோல். திறந்த வெளியில் வழிந்த குழம்போ இரண்டு விதமாக உறையும். ஒன்று வழவழப்பாகக் கயிறு திரித்தாற்போல். மற்றது உடைந்த செங்கற்சூளைபோல். முதல் வகையின்மேல் ஓடும் பாதை இன்பம். இரண்டாவதில் டயர் கிழியும், கையும் கிழியும். நம் புனேக் குன்றுகளில் இந்த வேற்றுமையைப் புத்தகம் வைத்துக்கொண்டு தேட வேண்டும். அங்கே பிட்டத்தில் தெரிந்துகொண்டேன்.

கல்லைவிட என்னை வாட்டியது வேறொன்று. சரளைப் பாதையின் குறுக்கே, தகரக் கூரையின் நெளிவுபோல, வரிவரியாக மேடும் பள்ளமும். கிலோமீட்டர் கணக்கில் இதே. பல் கிடுகிடுக்கும், மணிக்கட்டு மரத்துப்போகும். வண்டிகளின் வில் அதிர்வதனால் இது உண்டாகிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். 2007-இல் தபெர்லே, மாரிஸ், மெக்கெல்வைன் என்னும் மூன்று பௌதிக ஆராய்ச்சியாளர்கள் ஒரு வட்டத் தொட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் சிறு சக்கரமொன்றை உருளவிட்டுப் பார்த்தார்கள். சக்கரத்தில் வில் இல்லை. ஆனாலும் வரிகள் தோன்றின! மிகச் சிறிய மேடொன்றின்மேல் ஏறிய சக்கரம் சற்றே எழும்பி விழுகிறது. விழுந்த இடத்தில் மணலை முன்னே தள்ளுகிறது. அது அடுத்த மேடாகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓட்டினால் பாதை தட்டையாகவே இருந்துவிடும். சாலைக் கணக்கில் அது மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். ஆக, எல்லா மோட்டார்களும் நடை வேகத்தில் போனால் வரிகள் தோன்றமாட்டா. எந்த நாட்டில் நடக்கும் இது?

வரியிலிருந்து தப்ப வழி, டயரில் காற்றைக் குறைப்பதுதான். ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 50. டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் இருந்தால், நிலத்தைத் தொடும் பரப்பு சுமார் 12½ சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 2 ஆக்கினால் பரப்பு 25. கல்லின்மேல் ஏறும்போது ஆளைத் தூக்கி எறியாமல் டயரே நசுங்கிக் கொடுக்கிறது. மணலிலும் புதைவது குறைகிறது. ஆனால் மிகவும் குறைத்தால் கல் முனை டியூபைச் சக்கர விளிம்போடு சேர்த்துக் கடித்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதைப் புத்தகம் சொல்லாது.

இன்னொரு வழியும் உண்டு; அது தவறான வழி. பாதையோரத்தில் பசும்பாசி மெத்தைபோல் படர்ந்திருக்கும். வரிகளை விட்டு அதன்மேல் ஓட்டினால் சுகமாக இருக்குமே என்று கால் இழுக்கும். மோட்டார் வண்டி பாதையை விட்டு இறங்குவது அங்கே சட்டப்படி குற்றம். சைக்கிளும் பாதையிலேயே செல்ல வேண்டும் என்பது விதி. ஒரு தடம் பதிந்தால் பாசி அதை மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். எட்டாயிரம் ஆண்டுக் கல்லின்மேல் இன்னும் மண்ணே சரியாகப் பிடிக்கவில்லை. பாசிதான் மண்ணுக்கு விதை.

முதல் இரவு சாலையோரக் குடிலொன்றில் தங்கினோம். ஜூலையில் இரவு என்பது பெயரளவில்தான். பதினொரு மணிக்கும் விளக்கில்லாமல் படிக்கலாம். தோழர் வழிகாட்டி நூலிலிருந்து ஒரு கதை படித்தார். 1780-ஆம் ஆண்டு. வடக்கே ரெய்னிஸ்தாதூர் பண்ணையில் ஆட்டுநோய் வந்து மந்தை அழிந்தது. பண்ணைக்காரரின் இரண்டு மகன்கள், பியார்னியும் ஐனாரும், தெற்கே போய் ஆடு வாங்கினார்கள். இலையுதிர் காலம் முற்றிவிட்டது. பொறுத்துப் போகலாம் என்றிராமல், வாங்கிய மந்தையோடும் குதிரைகளோடும் க்யோலூர் வழியே ஐந்து பேராக வீடு திரும்பினார்கள். ஒருவரும் ஊர் சேரவில்லை. பனிப்புயலில் அத்தனை பேரும், அத்தனை உயிரும் மடிந்தன. அவர்கள் தங்கிய மேட்டை இன்று பெய்னாஹோல், அதாவது எலும்புக் குன்று, என்கிறார்கள். ஆட்டெலும்பும் குதிரையெலும்பும் அங்கே கிடந்தன. அதன் பிறகு நெடுங்காலம் மக்கள் இந்த வழியையே அஞ்சி விலக்கினார்கள். "நாளை அதன் அருகில்தான் போகிறோம்," என்று சொல்லிவிட்டுத் தோழர் நூலை மூடினார்.

மறுநாள் வடகாற்று. காற்றின் கணக்கை நான் முன்பே அறிவேன். எதிர்க்காற்று மணிக்கு 36 கிலோமீட்டர், நம் வேகம் 8 என்றால் உடம்பு உணர்வது 44. தடை வேகத்தின் இருமடிப்படி வளர்கிறது; ஆக, காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் உணரும் தடையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அன்று காற்றோடு நுண்மணலும் வந்தது; பிறகு குளிர்ந்த மழை. தோழரின் முழங்கால் வலித்தது. குடிலுக்குத் திரும்பி ஒரு நாள் இருக்கலாம் என்றார். எனக்கோ திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும். சைக்கிளையும் திருப்பித் தர வேண்டும். பிந்தினால் ஒவ்வொரு நாளும் வாடகை. "நீங்கள் மெல்ல வாருங்கள், நான் முன்னே போய் இடம் பிடிக்கிறேன்," என்றேன். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. நான் போய்விட்டேன்.

இதைத்தான் கூட்டத்தில் சொல்லாமல் விட்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளியும் மிதித்தும் சென்றிருப்பேன். மேற்கே தெரிந்துகொண்டிருந்த க்யால்ஃபெல் குன்று மறைந்தது. பிறகு பாதையோரக் குறிக்கம்புகளில் அடுத்தது மட்டும் தெரிந்தது. கல்லை அடுக்கிய பழைய அடையாளக் குவியல் ஒன்றின் மறைவில் உட்கார்ந்தேன். பையைத் திறந்து கையுறையைத் தேடியபோது பம்பு கையில் தட்டுப்பட்டது. அப்போதுதான் உறைத்தது. அவருக்கு டயர் போனால் பம்பு என்னிடம். எனக்கு மேலே போக முடியாவிட்டால் கூடாரம் அவரிடம். சரியாகப் பிரித்த சுமை! இருவரையும் தனித்தனியே கையாலாகாதவர்களாக ஆக்குவதற்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

திரும்பினேன். காற்று இப்போது முதுகில். வந்த தூரத்தைக் கால் பங்கு நேரத்தில் கடந்தேன். அவர் பாதையோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பின்டயர் தட்டையாக ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பம்பு?" என்று மட்டும் கேட்டார். என் விரல்கள் விறைத்துப்போனதனால் டயரைக் கழற்ற முடியவில்லை. அவர் விரல்களும் அப்படியே. முதலில் கூடாரத்துணியைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அடுப்பை மூட்டி வெந்நீர் வைத்துக் குடித்தோம். பிறகே டியூப் மாற்றினோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தம் பழக்கப்படியே பத்து நிமிடம் பேசவில்லை. "அந்த ஐந்து பேரும் கடைசிவரை சேர்ந்தே இருந்தார்களா?" என்று பிறகு கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

அன்று முன்னே போகவில்லை; குடிலுக்கே திரும்பினோம். மறுநாள் காற்று ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. எலும்புக் குன்றுக்குப் பிரியும் தடம் தெரிந்த இடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு மேலே சென்றோம். உச்சிவேளைக்கு ஹ்வேராவெல்லிர் வந்தது. வெந்நீர் ஊற்றுகள் கொதித்துக்கொண்டிருக்கும் இடம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐவிந்தூர் என்ற ஊர்விலக்குப் பெற்ற திருடனும் அவன் மனைவி ஹட்லாவும் இங்கே ஒளிந்து வாழ்ந்து, கொதிநீரிலேயே இறைச்சி வேகவைத்தார்களாம். நாங்கள் கழுத்தளவு வெந்நீரில் கிடந்தோம். தோழரின் முழங்கால் சரியாயிற்று. வடக்கே இறங்கிப் பிளண்டாப் பள்ளத்தாக்கில் தார்ச்சாலையைத் தொட்டபோது, அதிர்வு நின்ற அமைதியில் காது அடைத்தாற்போல் இருந்தது. திங்கட்கிழமை தப்பிவிட்டது, வாடகை இரண்டு நாள் கூடிற்று. ஆய்வுக்கூடத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மற்றப் பாதைகளைப் பற்றி ஒருவாறு சொல்லிவிடுகிறேன். கிழக்கே ஸ்ப்ரெங்கிசாந்தூர் இருக்கிறது. 200 கிலோமீட்டர் அளவுக்குக் கறுப்புப் பாலைவனம். மழையும் பனியும் நிறையப் பெய்யும் நாட்டில் பாலைவனமா என்று கேட்கலாம். துளைநிறைந்த இளம் பாறையும் மணலும் விழுந்த நீரையெல்லாம் உறிஞ்சிவிடுகின்றன. குடிநீரைச் சுமந்துதான் செல்ல வேண்டும். பாலமில்லாத ஆறுகளும் உண்டு. இதை 1933-இல் சைக்கிளில் கடந்தவர் ஹொரேஸ் டால் என்னும் ஆங்கிலேயர். வானநூல் படிக்கும் நம் நண்பர்கள் நிமிர்ந்து உட்காரலாம்: டால்-கர்க்கம் தொலைநோக்கி என்று பாடத்தில் வருகிறதே, அந்த டால்தான். தெற்கே ஹெக்லா எரிமலையைச் சுற்றிய குழம்புவெளிகளில் 2019 முதல் 200 கிலோமீட்டர் சரளைப் போட்டி நடத்துகிறார்கள். ஹ்வோல்ஸ்வோத்லூர் என்னும் சிற்றூரிலிருந்து புறப்படுவார்கள். அதற்கு நானும் ஒரு நாள் போவேனோ என்னவோ. இப்போதைக்குக் காசில்லை.

தோழரும் நானும் இன்றும் ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு விடுதி வாயிலிலிருந்து புறப்பட்டு, வேதாள் குன்றைச் சுற்றியோ முல்ஷிப் பக்கமோ சென்று வருகிறோம். வர விரும்பும் சங்க நண்பர்கள் வரலாம். எந்தச் சைக்கிளானாலும் போதும். பம்பும் ஒரு டியூபும் ஒவ்வொருவரும் தத்தம் பையிலேயே கொண்டுவர வேண்டும். கேள்வி கேட்ட முதலாண்டு மாணவிக்கு மட்டும், முதல் வாரம் டியூப் நான் தருகிறேன்.